சொந்தப் பாட்டை வைத்துக்கொண்டு நம்ம மாவட்டத்தில் காலம் தள்ள முடியுமா?

கருங்கல் கிட்டார்:

எல்லாருக்கும் வணக்கம். ரொம்ப நாளாக இங்கே எழுதுகிறவர்களைப் படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன், இப்போதுதான் வாயைத் திறக்கிறேன். கன்னியாகுமரி மாவட்டத்தில் கருங்கல் பக்கம் வீடு. கிட்டார் வாசிப்பேன், பாடுவேன். ஆலயத்தில் கொயர், வெளியே இரண்டு மூன்று செட்டுகளோடு, அதாவது இசைக்குழுக்களோடு, கானமேளா என்கிற மேடைக் கச்சேரி, கல்யாண ரிசப்ஷன், எது வந்தாலும் போவேன். டிசம்பர் வந்தால் சாப்பிட நேரம் இருக்காது, அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை.

பிரச்சினை வேறு. நானே எழுதி நானே மெட்டுப் போட்ட பாட்டு கொஞ்சம் சேர்ந்திருக்கிறது. சாமிப் பாட்டு இல்லை, காதல் பாட்டும் இல்லை. விடியுமுன் தலையில் லைட்டைக் கட்டிக்கொண்டு ரப்பர் வெட்டப் போகிறவர், கல்ஃபிலிருந்து போனில் மட்டும் வருகிற அப்பா, மார்த்தாண்டத்தில் பாலம் வந்த பிறகு வியாபாரம் படுத்துப்போன கடைக்காரர், இப்படி. நண்பர்கள் கேட்டுவிட்டு நல்லா இருக்கு என்கிறார்கள். மேடையில் அதில் ஒன்றை எடுத்தால் போதும், முன்வரிசையிலிருந்து கமிட்டிக்காரர் கையைக் காட்டுகிறார், "தம்பி, தெரிஞ்ச பாட்டு போடு". யூடியூபில் போட்டால் சொந்தக்காரர்களே முழுசாகக் கேட்பதில்லை, லைக் மட்டும் போட்டுவிட்டுப் போய்விடுகிறார்கள்.

அக்கா சென்னைக்குப் போ என்கிறாள். கூட வாசிக்கிற ட்ரம்மர் திருவனந்தபுரம் போ, பேண்டு கேட்கிற கூட்டம் அங்கேதான் என்கிறான். இங்கேயே இருந்து சொந்தப் பாட்டோடு பிழைக்கிறவர்கள் யாராவது உண்டா? உண்டென்றால் பணம் எங்கிருந்து வருகிறது? ஒளிக்காமல் சொன்னால் உதவியாக இருக்கும்.

வடசேரி மிக்சர்:

தம்பி, நான் பாடகன் இல்லை, மைக் செட்காரன். மேடைக்குப் பக்கத்தில் உட்கார்ந்தே தலை நரைத்துவிட்டது, அதனால் பணக் கேள்விக்கு மட்டும் பதில் சொல்கிறேன்.

இங்கே பாட்டுக்குப் பணம் கொடுப்பது கமிட்டி. டிக்கெட் வாங்கிப் பாட்டுக் கேட்கிற பழக்கத்தை நான் இந்தப் பக்கத்தில் பார்த்ததில்லை. கோட்டாறு சவேரியார் கோவில் திருவிழா டிசம்பர் 3-ஐ ஒட்டி முடியும், அது முடியும் முன்னாலேயே கேரல் ஒத்திகை ஆரம்பிக்கும், அப்புறம் கிறிஸ்துமஸ், புத்தாண்டு, மாசியில் மண்டைக்காட்டுக் கொடை என்கிற கோவில் திருவிழா, பங்குனி சித்திரையில் ஊர் ஊருக்கு அம்மன் கொடை, மே லீவில் ஆலயங்களில் பிள்ளைகளுக்கு வி.பி.எஸ். என்கிற விடுமுறை வேதாகமப் பள்ளி, நடுவில் ஆலயத்தில் சோறு போடுகிற அசனப் பண்டிகை, ஆவணியில் எல்லை தாண்டி ஓணம் மேடை. கல்யாணம் இதற்கெல்லாம் இடையில் ஓடும். தென்மேற்கு, வடகிழக்கு என்று இரண்டு மழையும் வாங்குகிற மாவட்டம் நம்முடையது. ஆனியிலும் ஐப்பசியிலும் திறந்த மேடைக்கு யாரும் அட்வான்ஸ் தர மாட்டார்கள். அந்த மாதங்களுக்கும் சேர்த்துத்தான் மற்ற மாதங்களில் சம்பாதிக்க வேண்டும்.

கமிட்டிப் பணம் என்றால் வீட்டுக்கு இவ்வளவு என்று வரி பிரித்த பணம். அதைக் கையில் வைத்திருக்கிறவர் சோதனை செய்து பார்க்க மாட்டார். தெரியாத பாட்டைப் போட்டுக் கூட்டம் கலைந்தால் மறுநாள் டீக்கடையில் பதில் சொல்ல வேண்டியது அவர்தான், நீ அப்போது கருங்கலில் தூங்கிக்கொண்டிருப்பாய். அவர் கை காட்டுவது அதற்காகத்தான், உன் பாட்டைப் பிடிக்காமல் இல்லை.

ரேட்டும் கேட்டாய். எனக்குத் தெரிந்த செட்டுகளில் கிட்டார்காரருக்கு ராத்திரிக்கு ஆயிரத்து ஐந்நூறு, நல்ல செட் என்றால் மூவாயிரம் வரை. கீபோர்டுகாரருக்குக் கூடுதல், அவர் வராவிட்டால் மேடையே இல்லை. முன்பே பதிவு செய்த இசை டிராக்கை ஓடவிட்டுப் பாடுகிற ட்ரூப்புகள் பெருகின பிறகு ட்ரம்மர், பேஸ்காரர் எல்லாம் ஒவ்வொருவராகக் கழன்றுவிட்டார்கள். கிட்டாருக்கு இன்னும் இடம் இருப்பதே பார்க்க அழகாக இருக்கும் என்றுதான், கோபித்துக்கொள்ளாதே.

கோதையாறு:

மிக்சர் அண்ணன் சொன்னது ஆண்களுடைய கணக்கு. பெண் பாடகர் என்றால் ட்ரூப்பில் ஒரு குரல், டூயட்டுக்கு. எத்தனை டூயட் என்று எண்ணிப் பணம் கொடுக்கிறவர்களும் இருக்கிறார்கள். கொல்லங்கோட்டில் ராத்திரி புரோகிராம் முடிந்தால் குலசேகரத்துக்கு எப்படி வருவது? வண்டிக்காசு யார் தருவது? இதை அட்வான்ஸ் வாங்கும்போதே பேசினால் "ரொம்பக் கண்டிஷன் போடுகிற பிள்ளை" என்று பெயர். முன்னே அப்பா கூட வருவார், இப்போது அவருக்கு முடியவில்லை, அதனால் மேடையைக் குறைத்துவிட்டேன்.

எனக்குச் சோறு போடுவது வீட்டு வகுப்பு. பிள்ளைகளுக்குக் கீபோர்டும் பாட்டும். டிரினிட்டி கிரேடு பரீட்சைக்குத் தயார் செய்கிறேன் என்றால் பெற்றோர் பேரம் பேசுவதில்லை, சான்றிதழில் லண்டன் என்று இருக்கிறதே. இரண்டாவது, டிராக் பாடுவது. ஆல்பம் போடுகிறவர்கள் கரோக்கி அனுப்புவார்கள், நான் வீட்டிலேயே பாடி ஃபைலைத் திருப்பி அனுப்புவேன். தமிழ், மலையாளம் இரண்டும் உறுத்தாமல் பாட வருவது இங்கே பிறந்ததால் கிடைத்த லாபம், நாகர்கோவிலைத் தாண்டி வடக்கே போனால் இப்படி ஆள் கிடைப்பது கஷ்டம்.

சொந்தப் பாட்டுக்கு ஒரு வழி வைத்திருக்கிறேன், தம்பி முயன்று பாருங்கள். கல்யாண ரிசப்ஷனில் எல்லாரும் பந்திக்குப் போய்வருகிற நேரத்தில் நடுவே ஒன்று பாடிவிடுவேன். அறிவிக்க மாட்டேன். இது நான் எழுதினது என்று சொன்ன உடனே கூட்டம் செல்போனைப் பார்க்க ஆரம்பிக்கும். சொல்லாமல் பாடினால் ஏதோ பழைய படப்பாட்டு என்று நினைத்துத் தலையாட்டும். ஒரு பெரியம்மா மேடைக்கே வந்து இது எந்தப் படம் என்று கேட்டார். படத்தில் இல்லை என்றேன். அவர் நம்பவில்லை.

குடத்தடி:

சொந்தப் பாட்டுக்கு இங்கே இடமில்லை என்கிற பேச்சே எனக்குப் புரியவில்லை.

எங்கள் வீட்டில் அப்பா வில்லுப்பாட்டு. நான் குடம், சித்தப்பா உடுக்கை. ஒரு ஊர்க் கொடைக்குக் கூப்பிட்டால் அந்தக் கோவில் தெய்வத்தின் கதையைப் பாட வேண்டும். முத்துப்பட்டன் கதை எல்லாருக்கும் தெரியும், அதில் சிரமமில்லை. ஆனால் இந்த ஊருக்கு இந்த இசக்கி எப்படி வந்தாள், எந்தக் குடும்பம் முதலில் பீடம் போட்டுக் கும்பிட்டது, எந்தக் குளக்கரையில் யாரைப் பயமுறுத்தினாள், அது ஊருக்கு ஊர் வேறு. அச்சில் கிடைக்காது. ஊரில் மூத்தவர் திண்ணையில் உட்கார்ந்து கேட்டு, அப்பா பாட்டாகக் கட்டுவார். அது சொந்தப் பாட்டு இல்லாமல் வேறென்ன? அதற்குக் கமிட்டி பணம் கொடுத்தது, இன்றைக்கும் கொடுக்கிறது. கலைவாணர் என்.எஸ்.கிருஷ்ணன் 1908-ல் ஒழுகினசேரியில் பிறந்தவர், அவரும் வில்லுப்பாட்டில்தான் ஆரம்பித்தார்.

தம்பி பாட்டில் ரப்பர் வெட்டுகிறவர் வருகிறார், சரி. எந்த ஊர் என்று வருகிறதா? அவருக்குப் பெயர் உண்டா? விடியப்போகிற நேரத்தில் தூங்கி விழுகிற கிழவிகூடத் தன் ஊர்ப் பெயர் பாட்டில் வந்தால் நிமிர்ந்து உட்காருவாள். நான் குடத்துக்குப் பின்னால் இருந்து எத்தனையோ முறை பார்த்தது இது.

எங்களுக்குக் கஷ்டம் இல்லை என்று சொல்ல வரவில்லை. 2000-ல் வந்த ஒலி மாசு விதிகளின்படி ராத்திரி 10 முதல் காலை 6 வரை வெளியில் ஒலிபெருக்கி கூடாது, விழாக்களுக்கு அரசு வேண்டுமானால் வருடத்தில் 15 நாளுக்கு மிகாமல் 12 மணி வரை விடலாம், அவ்வளவுதான். சாமியாடுகிற கட்டம் நடுராத்திரியில் வரும்படி அமைந்த கதையை இப்போது சாப்பாட்டு நேரத்துக்குள் சுருக்கிப் பாடுகிறோம். அதற்கு மேல் கமிட்டிப் பையன்களுக்குக் கேரளத்துச் செண்டை அடிக்கிற சிங்காரி மேளம்தான் பிடிக்கிறது. ரீல்ஸ் எடுக்க அதுதான் தோதாம். அவர்களுக்கு எங்களைவிடக் கூடுதல் தொகை, சாப்பாடும் முதல் பந்தியில்.

கருங்கல் கிட்டார்:

குடத்தடி அண்ணே, நீங்கள் சொன்னதில் பாதி எங்களிடமும் உண்டு. ஊர்த் திருவிழாவுக்கு ஆலயத்துப் பாதுகாவலரான புனிதர் பெயரில் புதுப் பாட்டு கட்டச் சொல்வார்கள், நானும் செய்திருக்கிறேன். அதிலேதான் ஒரு வயிற்றெரிச்சல்.

ஒரு ஊருக்காகத் திருவிழா ஆல்பம். வரியும் மெட்டும் என்னுடையது. பேசின தொகையில் பாதிக்குக் கொஞ்சம் மேலே கையில் வந்தது. யூடியூபில் ஏறினபோது "இசை" என்கிற இடத்தில் ஆல்பம் போட்டவர் பெயர். கேட்டேன். "காசு தந்தாச்சே மக்களே, பாட்டு இனி எங்களுக்குள்ளது" என்றார். நான் எதிலும் கையெழுத்துப் போடவில்லை. இப்போது அந்தப் பாட்டை வேறு மேடையில் நான் பாடினால் தப்பா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

சட்டப்பொட்டி:

கோர்ட்டுக்குப் போகிற கூட்டத்தில் ஒருவன் என்பதால் நான் சொல்கிறேன்.

கையெழுத்துப் போடாமல் இருப்பது உங்களுக்குச் சாதகம். 1957 பதிப்புரிமைச் சட்டப்படி வரிக்கும் மெட்டுக்கும் முதல் உரிமையாளர் அதை உண்டாக்கினவர். நீங்கள் அவரிடம் மாதச் சம்பளத்துக்கு இருந்தால் கதை வேறு, இங்கே அப்படி இல்லை. உரிமை அவருக்குப் போக வேண்டுமென்றால் எழுத்தில், உங்கள் கையெழுத்தோடு இருக்க வேண்டும், 19-வது பிரிவு. எழுதிக் கொடுத்திருந்தாலும் எத்தனை வருடம் என்று குறிக்காவிட்டால் 5 வருடம்தான் செல்லும், எந்த இடம் என்று குறிக்காவிட்டால் இந்தியாவுக்குள் மட்டும். காப்பிரைட் அலுவலகத்தில் பதிந்திருக்க வேண்டும் என்கிற கட்டாயமும் கிடையாது, பலர் அப்படி நினைத்துப் பேசாமல் இருந்துவிடுகிறார்கள்.

ஆனால் பாட்டு வேறு, ஒலிப்பதிவு வேறு. ஸ்டுடியோச் செலவு செய்து பதிவுக்குப் பொறுப்பெடுத்தவர் தயாரிப்பாளர், அந்தப் பதிவு அவருக்கு. அந்த ஃபைலை எடுத்து உங்கள் சேனலில் போடாதீர்கள். அதே பாட்டைப் புதிதாகப் பாடிப் பதிவு செய்து போடலாம், மேடையில் தாராளமாகப் பாடலாம். பெயர் போடாததற்கு 57-வது பிரிவு இருக்கிறது. பணம் வாங்கின பிறகும் "இது நான் செய்தது" என்று சொல்கிற உரிமை உங்களை விட்டுப் போகாது.

வடசேரி மிக்சர்:

சட்டம் சரிதான் வக்கீல் சார். அடுத்த திருவிழாவுக்கும் ஆல்பம் போடப்போகிறவர் அதே ஆள். நோட்டீஸ் விட்டால் தம்பி உரிமையோடு வீட்டில் உட்கார வேண்டியதுதான்.

சட்டப்பொட்டி:

நோட்டீஸ் விடு என்று நான் எங்கே சொன்னேன்? அடுத்த வேலைக்கு முன்னால் வாட்ஸ்அப்பில் நாலு வரி அனுப்பட்டும்: வரியும் மெட்டும் என்னுடையது, இந்த ஆல்பத்துக்கு மட்டும் பயன்படுத்தலாம், என் பெயர் போட வேண்டும், தொகை இவ்வளவு, பதிவுக்கு முன் பாதி. அவர் ஒரு "ஓகே" போட்டால் போதும். பிற்பாடு பிரச்சினை வந்தால் அந்த ஓகே பேசும். இதுகூடக் கேட்க முடியாது என்றால் பிறகு சட்டத்தைக் குறை சொல்லிப் பிரயோஜனமில்லை.

ஐ.பி.ஆர்.எஸ். பற்றி தனியாக ஒருவர் கேட்டிருந்தார். பாட்டு எழுதினவருக்கும் மெட்டுப் போட்டவருக்கும் ராயல்டி வசூலித்துக் கொடுக்கிற அமைப்பு அது, 1969-ல் தொடங்கினது, 2017-ல் மறுபடியும் பதிப்புரிமைச் சங்கமாகப் பதிவு பெற்றது. பாடலாசிரியர், இசையமைப்பாளர் சேரலாம். சேருவது நல்லதுதான், ஆனால் உள்ளூர் மேடையை நம்பிச் சேராதீர்கள். உண்மையான மதச் சடங்கிலும் கல்யாணத்தோடு சேர்ந்த கொண்டாட்டத்திலும் பாடுவதற்கு 52-வது பிரிவில் விலக்கு இருக்கிறது, நம்ம மாவட்டத்து மேடைகளில் பெரும்பகுதி அந்த நிழலில்தான் நிற்கிறது. திருவிழாக் கானமேளா சடங்கில் சேருமா என்று வாதாடலாம். ஃபீஸ் யாராவது கொடுத்தால் இரண்டு பக்கமும் வாதாடத் தயார்.

சென்னையில் ஒரு கொல்லங்கோட்டான்:

//அக்கா சென்னைக்குப் போ என்கிறாள்//

கன்னியாகுமரி எக்ஸ்பிரஸில் கிட்டாரைக் கட்டிப்பிடித்துக்கொண்டு வந்தவன் நான், அதனால் சொல்கிறேன். இங்கேயும் எப்போதாவது ஓபன் மைக்கில்தான் சொந்தப் பாட்டு. இரண்டு பாட்டு பாடலாம், காசு கிடையாது, காபிக்கு நாம்தான் கொடுக்க வேண்டும். மற்ற நாளெல்லாம் ரிசப்ஷன், கம்பெனி விழா, ஊரில் பாடின அதே படப்பாட்டு. ஊரில் அம்மா வீட்டில் சாப்பிட்டுக்கொண்டு பாடினேன், இங்கே வாடகை கொடுத்துக்கொண்டு பாடுகிறேன்.

ஆனால் ஒன்றை ஒளிக்கக் கூடாது. அந்த ஓபன் மைக்குக்கு வருகிற முப்பது நாற்பது பேரும் கேட்பதற்கென்றே வருகிறவர்கள். தெரியாத பாட்டு என்றால் முன்னால் சாய்ந்து கேட்கிறார்கள். முடிந்ததும் மூன்றாவது வரி என்ன என்று வந்து கேட்கிறார்கள். இந்தச் சுகம் எனக்கு ஊரில் கிடைத்ததே இல்லை, இதற்காகத்தான் இன்னும் இங்கே இருக்கிறேன். பேஸ் வாசிக்கத் தெரிந்த ஒருவனை இங்கேதான் பிடித்தேன், விளம்பர ஜிங்கிளுக்கு குரல் கொடுக்கிற வேலையும் அவன் மூலம் வந்தது.

இன்னொரு வேடிக்கை. வாயைத் திறந்தால் இங்கே எல்லாரும் "நீங்க கேரளாவா?" என்கிறார்கள். திருவனந்தபுரத்தில் பாடப் போனால் "தமிழ்நாடா?" என்கிறார்கள். 1956 நவம்பர் 1-ல் நம்மைத் தமிழ்நாட்டோடு சேர்த்தாச்சு, தகவல் இரண்டு தலைநகருக்கும் இன்னும் போய்ச் சேரவில்லை போல.

கோதையாறு:

திருவனந்தபுரத்தை வாடகை எடுத்துத் தங்குகிற ஊராக ஏன் பார்க்க வேண்டும்? மார்த்தாண்டத்தில் பஸ் ஏறினால் சாயங்காலம் பாடிவிட்டுத் திரும்பிவிடலாம். பத்மநாபபுரம் சரஸ்வதி அம்மனே வருசாவருசம் நவராத்திரிக் கச்சேரிக்குத் திருவனந்தபுரம் போய், முடிந்ததும் ஊர் திரும்பிவிடுகிறாள். அவளுக்கு யானை, போலீஸ் மரியாதை எல்லாம் உண்டு, நமக்குக் கே.எஸ்.ஆர்.டி.சி. பஸ்தான்.

தேங்காப்பட்டணம் தேவராகம்:

எல்லாரும் பணம், சட்டம் என்று பேசுகிறீர்கள், பதிவைப் பற்றி யாரும் பேசவில்லை. கடலோரத்தில் கிட்டார் கம்பி வைத்திருக்கிறவனுக்குத்தான் தெரியும், உப்புக் காற்றில் புதுக் கம்பி மாட்டின கொஞ்ச நாளிலேயே விரலில் கறுப்பு ஒட்டும். வாசித்து முடித்ததும் துணியால் துடைத்து உறையில் வையுங்கள், சிலிக்கா ஜெல் பொட்டலத்தைத் தூரப் போடாதீர்கள். கோட்டிங் போட்ட கம்பி விலை கூடுதல்தான், இங்கே அதுதான் லாபம்.

சின்னச் சத்தத்தையும் பிடிக்கிற கண்டென்சர் மைக் வாங்குகிறவர்கள், மைக்கைக் கம்ப்யூட்டரோடு இணைக்கிற இன்டர்ஃபேசில் அதற்கு மின்சாரம் கொடுக்கிற 48 வோல்ட் ஃபாண்டம் பவர் இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள், இல்லாவிட்டால் அது வேலை செய்யாது. அதைவிட முக்கியம், ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்குக் கீழே கண்டென்சர் வேண்டவே வேண்டாம். மழை வந்தால் மழை மட்டும்தான் பதிவாகும். சாதாரண டைனமிக் மைக், வாய்க்குப் பக்கத்தில் வைத்துப் பாடு, பின்னால் மெத்தையைச் சாய்த்து வை, போதும். ரீப்பர் என்கிற ஒலிப்பதிவு சாஃப்ட்வேரை 60 நாள் சும்மா பயன்படுத்திப் பார்க்கலாம், அதன் பிறகு வாங்கினாலும் மற்றவற்றைப் பார்க்க விலை குறைவு.

ஸ்பாட்டிஃபையில் காசு வரும் என்று கனவு காண்கிறவர்களுக்கு: முந்தைய 12 மாதத்தில் 1,000 முறையாவது கேட்கப்படாத பாட்டுக்கு அவர்கள் ராயல்டியே கணக்கிடுவதில்லை, 2024-லிருந்து அப்படி. யூடியூபில் விளம்பரக் காசுக்கு 1,000 சந்தாதாரர், அதோடு வருடத்தில் 4,000 மணி நேரப் பார்வை. அதையும் சினிமாப் பாட்டை கவர் பாடிச் சேர்த்தால் காசு பெரும்பாலும் பாட்டுக் கம்பெனிக்குப் போகும்.

தக்கலைக்காரன்:

நான் பாடகன் இல்லை, மொபைல் ரிப்பேர் கடை வைத்திருக்கிறேன், கொஞ்சம் எழுதுவேன். எங்கள் ஊரில் ரஜப் மாதத்தில் சூஃபி ஞானி பீர் முகமது அப்பா பாடின ஞானப்புகழ்ச்சியை ராத்திரி முழுக்கப் பாடுவார்கள், வெளியூரில் இருக்கிறவர்கள்கூட லீவு போட்டு வந்து உட்காருவார்கள். அப்பா நெசவு செய்து பிழைத்தவர் என்பது ஊரில் வழிவழியாகச் சொல்வது. சோறு தறியிலிருந்து வந்தது. பாட்டு யாருடைய தயவையும் பார்க்காமல் வந்தது. தம்பி ஏன் பாட்டிடமே சோறும் கேட்கிறார் என்று எனக்குத் தோன்றிக்கொண்டே இருக்கிறது. கடையைத் திறந்து வை, ராத்திரி எழுது.

கருங்கல் கிட்டார்:

தக்கலை அண்ணே, கானமேளா என்பதே எனக்குத் தறிதான். ராத்திரி முழுக்கத் தறியில் இருந்துவிட்டு எப்போது எழுதுவது?

குடத்தடி அண்ணன் சொன்னபடி ஊர்ப் பெயர் வைத்துப் பார்த்தேன், நல்லாத்தான் வருகிறது, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் ஒரு சந்தேகம். மலையை உடைத்து லாரி லாரியாக எல்லைக்கு அப்புறம் அனுப்புவதைப் பற்றி ஒரு பாட்டு இருக்கிறது, என் பாட்டுகளிலேயே அதுதான் எனக்குப் பிடித்தது. அதில் ஊர்ப் பெயரும் உண்டு, குளத்தின் பெயரும் உண்டு. எந்தக் கமிட்டி அதைப் பாடச் சொல்லும்? நான் வாசிக்கிற கமிட்டி ஒன்றில் பாதிப் பேர் டிப்பர் வைத்திருக்கிறார்கள்.

குடத்தடி:

நியாயமான கேள்வி. வில்லுப்பாட்டில் கதைக்கு நடுவே பாடுகிறவரும் பக்கப்பாட்டுக்காரரும் பேசிக்கொள்கிற இடம் வரும், அங்கேதான் அப்பா ஊர்க்கதையை இழுப்பார். கோவில் நிலத்தை வளைத்தவரைச் சாமியே பார்த்துக் கேட்கிறதாக ஒரு முறை வைத்தார். பெயர் சொல்லவில்லை, எல்லாருக்கும் தெரிந்தது. கூட்டம் கைதட்டினது. அந்த ஊரில் பிறகு எங்களை ரொம்ப வருடம் கூப்பிடவில்லை. அந்த நிர்வாகம் மாறின பிறகுதான் கூப்பிட்டார்கள், வந்தவர்கள் முதலில் கேட்டது "அன்றைக்குப் பாடினதைத் திரும்பப் பாடுவீங்களா?" என்று. அப்பா மாட்டேன் என்றுவிட்டார், ஆள் செத்துப்போனார் என்று.

பாடக் கூடாது என்று சொல்லவில்லை. எந்த ஊரை இழந்தால் தாங்கும் என்று பார்த்துப் பாடு.

வடசேரி மிக்சர்:

இதற்கு நான் ஒரு வழி சொல்லட்டுமா. புரோகிராம் ஏழரை என்று போட்டால் எட்டேகாலுக்குத்தான் ஆரம்பிக்கும். ஆறரையிலிருந்து மைக் டெஸ்டிங் என் கையில். "ஹலோ, செக், ஒன் டூ" என்று கத்துகிற நேரத்தில் நீ உட்கார்ந்து உன் பாட்டைப் பாடு. கடலை விற்கிறவர், பெட்டிக்கடைக்காரர், சீக்கிரம் வந்து இடம் பிடிக்கிற பெண்கள், பிள்ளைகள், இருநூறு பேராவது இருப்பார்கள். கமிட்டி அப்போது மேடைப் பக்கமே இராது, சாப்பாட்டைப் பார்த்துக்கொண்டிருக்கும். நான் செட் போடுகிற இடத்தில் எல்லாம் உனக்கு இந்த நேரம் உண்டு.

கோதையாறு:

அண்ணே, மனசு நல்லது, ஆனால் இதுவும் சும்மா பாடுவதுதான். "வாய்ப்பு தருகிறோம்" என்று சொல்லி எத்தனை பேர் எங்களை இலவசமாகப் பாட வைத்திருக்கிறார்கள் தெரியுமா? உங்கள் செட் வாடகையைக் கமிட்டி அந்த நேரத்துக்கும் சேர்த்துத்தான் கொடுக்கிறது. டெஸ்டிங்குக்கு ஆள் வைத்தால் அவருக்குக் கூலி உண்டா இல்லையா?

வடசேரி மிக்சர்:

நீ சொல்வது எனக்கு உறைக்கிறது பிள்ளே, ஆனால் என் வாடகையிலேயே இரண்டு கமிட்டி இன்னும் பாக்கி. டெஸ்டிங் பையனுக்குக் கொடுக்கிற கூலியைத் தம்பிக்குக் கொடுக்கிறேன், ஐந்நூறு. வயர் சுருட்டவும் வேண்டும்.

கருங்கல் கிட்டார்:

வயர் சுருட்டுகிறேன் அண்ணே. அடுத்த செட் எந்த ஊரில்?

சென்னையில் ஒரு கொல்லங்கோட்டான்:

மாதக் கடைசியில் ஊருக்கு வருகிறேன். மைக் டெஸ்டிங் நடக்கட்டும், அதோடு நாகர்கோவிலில் ஒரு சின்ன ஹால் பிடித்து நாம் நாலு பேர் சொந்தப் பாட்டு மட்டும் பாடினால் என்ன? டிக்கெட் நூறு ரூபாய்.

தேங்காப்பட்டணம் தேவராகம்:

நூறு ரூபாய் டிக்கெட் என்று நோட்டீஸ் போட்டால் உங்கள் வீட்டு ஆட்கள்கூட வாசலில் நின்று கேட்டுவிட்டுப் போவார்கள். கல்யாண வீட்டில் சுருள் (மொய்) வைக்கிற மாதிரி வெளியே ஒரு பெட்டி வையுங்கள், பெயர் எழுத ஒரு நோட்டும் வையுங்கள். பெயர் எழுதுகிறார்கள் என்றால் நம்ம ஆட்கள் பத்து ரூபாயைப் போட்டுவிட்டுப் போக மாட்டார்கள்.

தக்கலைக்காரன்:

நோட்டு எழுத நான் வருகிறேன். கையெழுத்து நல்லா இருக்கும்.

குடத்தடி:

மாதக் கடைசி ஞாயிறு முகூர்த்தம், காலண்டரைப் பாருங்கள். எனக்கு அன்றைக்கு வேலை இல்லை, ஆனால் ரிசப்ஷன் வாசிக்கிறவர்கள் ஒருவரும் வர முடியாது. சனிக்கிழமை சாயங்காலம் வையுங்கள். குடமும் கொண்டுவருகிறேன், அந்தக் கிட்டார் பாட்டுக்குக் குடம் சேருமா என்று பார்க்க ஆசை. மைக் வேண்டாம், சின்ன ஹாலில் குடத்துக்கு மைக் வைத்தால் ஓடு பிரிந்துவிடும்.

கோதையாறு:

நான் வருகிறேன், மூன்று பாட்டு. ஹாலில் லேடீஸ் டாய்லெட் உண்டா என்று யாராவது நேரில் போய்ப் பார்த்துவிட்டுச் சொல்லுங்கள், போனில் கேட்டால் எல்லாரும் உண்டு என்றுதான் சொல்வார்கள். எட்டரைக்குள் முடித்தாக வேண்டும், வடசேரியிலிருந்து எனக்குக் குலசேகரம் பஸ் பிடிக்க வேண்டும்.

வடசேரி மிக்சர்:

நாளைக்கு அந்த வழியாகத்தான் போகிறேன், பார்த்துவிட்டுப் போடுகிறேன். ஆறு மணிக்கு ஆரம்பம் என்றால் ஆறு மணிக்கே ஆரம்பிக்க வேண்டும், இது கமிட்டி புரோகிராம் இல்லை. கருங்கல் தம்பி நாலரைக்கு வந்து பெட்டி இறக்க வேண்டும்.